பேச்சுத் தாமதமும் தொடர்பாடல் குறைபாடும்: ஆட்டிச நிலைக் குழந்தைகளின் மொழியைத் தமிழ்வழி நோக்கல்

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைகளின் வளர்ச்சிசார் குறைபாடுகளுள் ஒன்றாகிய ஆட்டிசம், பெரும்பாலும் ‘பேச்சு வரவில்லை’ என்னும் முறையீட்டின் வழியாகவே மருத்துவரிடம் வந்து சேர்கிறது. ஆனால் ஆட்டிசத்தின் மையம் பேச்சின் அளவில் இல்லை. கவனத்தையும் கருத்தையும் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் தொடர்பாடலில் உள்ளது. இவ்வேறுபாட்டைக் கானர் பதிவுசெய்த முதற்குழந்தைகளிலிருந்து தொடங்கி இக்கட்டுரை விளக்குகிறது. ஆட்டிச மொழியின் அடையாளங்களாகக் கூறப்பெறும் எதிரொலிப் பேச்சும் மூவிடப் பெயர் மாற்றமும் தமிழின் இலக்கண அமைப்பில் எவ்விடத்தில் வெளிப்படக்கூடும் என்பதும், வீட்டுமொழியைக் கைவிடுமாறு பெற்றோர்க்குச் சொல்லப்படும் அறிவுரை பொருந்துமா என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், தொடர்பாடல், எதிரொலிப் பேச்சு, மூவிடம், உடன்நோக்கல், வீட்டுமொழி

முன்னுரை

‘இவனுடைய அப்பாவும் மூன்று வயதுவரை பேசவில்லை, ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள்.’ தமிழ்க் குடும்பங்களில் பேசாத குழந்தையைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் இக்கூற்றோடு நின்றுவிடுகிறது. வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவும் வழக்கமும் பேச்சை எதிர்நோக்கிச் செய்யப்படுவதே. இக்கூற்று முழுவதும் பொய்யன்று. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளுள் பலர் பின்னர் ஒத்த வயதினரை எட்டிவிடுகின்றனர்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பேச்சு வந்ததா, வரவில்லையா என்னும் ஒற்றைக் கேள்வியைக் கொண்டு குழந்தையை அளக்கும்போது இருவகைப் பிழை நேர்கிறது. சொல் வராவிடினும் விரலால் சுட்டியும், கையைப் பிடித்து இழுத்தும், முகம் பார்த்துச் சிரித்தும் தன் கருத்தை உணர்த்திவிடும் குழந்தையைக் குறித்து வீண் அச்சம் எழுகிறது. மறுபுறம், விளம்பர வாசகங்களையும் எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தை ‘நன்றாகப் பேசுகிறது’ என்று கருதப்படுகிறது. அக்குழந்தை எவரிடமும் எதையும் சொல்வதில்லை என்பது கவனத்திற்கு வருவதே இல்லை. இவற்றுள் இரண்டாவது பிழையே கொடிது. பயிற்சி பெற்ற வல்லுநரால் இரண்டு வயதளவிலேயே ஆட்டிசத்தைப் பெரும்பாலும் நம்பத்தக்க வகையில் கண்டறிய இயலும் நிலையில், அக்குழந்தை பள்ளியில் சேரும்வரை எவ்வித உதவியும் பெறாது போகிறது.

கானரின் பதினொரு குழந்தைகள்

‘ஆட்டிசம்’ என்னும் சொல்லைச் சுவிட்சர்லாந்து உளமருத்துவர் ஆய்கன் புளூலர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உளச்சிதைவு நோயின் ஒரு கூறினைக் குறிக்க ஆக்கினார். ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். குழந்தைகளின் தனித்த நிலையொன்றைக் குறிக்க அச்சொல்லை நிலைபெறச் செய்தவர் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கானர். 1943இல் அவர் வெளியிட்ட கட்டுரை பதினொரு குழந்தைகளைப் பற்றியது. மறு ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் தம் கட்டுரையை வெளியிட்டார். இவ்விருவருக்கும் முன்னரே, 1920களின் நடுவில் மாஸ்கோவில் குருன்யா சுகரேவா ஒத்த இயல்புடைய ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அவர் பெயர் வரலாற்று நூல்களில் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று.

கானரின் பதினொரு குழந்தைகளுள் எண்மர் பேசினர். மூவர் மட்டுமே பேசவில்லை. ஆட்டிசம் முதன்முதலாகப் பெயர் பெற்றபோதே அது பேசாமையின் பெயராக இருக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பேசிய எண்மரிடமும் மொழி தொடர்பாடலுக்குப் பயன்படவில்லை என்பதே கானரை வியப்பில் ஆழ்த்தியது. அவருடைய முதற்குழந்தையான டொனால்டுக்குத் தந்தை ‘ஆம்’ என்னும் சொல்லைக் கற்பிக்க விரும்பி, அச்சொல்லைச் சொன்னால் தோளில் தூக்கிக்கொள்வதாகக் கூறினார். குழந்தை சொல்லைக் கற்றுக்கொண்டது. ஆயினும் நெடுங்காலத்திற்கு ‘ஆம்’ என்பதற்குத் ‘தோளில் தூக்கிக்கொள்’ என்பதே பொருளாயிற்று.

1946இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் கானர் இதனை மேலும் விரித்தார். பால் என்னும் சிறுவன் சமையல் பாத்திரத்தைக் காணும்போதெல்லாம் ‘பீட்டர் ஈட்டர்’ என்பான். அவனுக்கு இரண்டு வயதிருக்கும்போது, தாய் அச்சொற்கள் வரும் குழந்தைப் பாடலைச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில் பாத்திரம் ஒன்று அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அன்றுமுதல் அப்பொருளுக்கு அதுவே பெயர். கேட்பவர்க்குப் பொருளற்றதாகத் தோன்றும் கூற்று குழந்தையின் பட்டறிவில் பொருளுடையதாகவே இருந்துள்ளது. அப்பொருள் பிறரோடு பகிரப்படவில்லை என்பதே குறை.

கானருக்குப் பின்வந்த ஆண்டுகள் பெற்றோர்க்கு இழைக்கப்பட்ட அநீதியின் ஆண்டுகள். தாயின் அன்பின்மையே காரணம் என்னும் கருத்து பரவியது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அதனை மேலும் வலுப்படுத்தியது. 1964இலேயே பெர்னார்டு ரிம்லண்டு நரம்பியல் விளக்கத்தை முன்வைத்திருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து மரபணுப் பங்கினைக் காட்டினர். தடுப்பூசியைக் காரணமாக்கி 1998இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அவ்வச்சம் இன்றும் முழுமையாக நீங்கவில்லை.

பெயர்கள் காட்டுவதும் மறைப்பதும்

தமிழில் ஆட்டிசத்திற்கு ‘மதியிறுக்கம்’, ‘புற உலகச் சிந்தனையற்ற நிலை’ முதலிய பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் நல்லெண்ணத்தில் ஆக்கப்பட்டவை. எனினும் முதலாவது குறையை அறிவில் வைத்துக் காட்டுகிறது. ஆட்டிச நிலையினருள் அறிவுத்திறன் குறைபாடு உடையோரும் உளர், இல்லாதோரும் உளர். அது ஆட்டிசத்தின் இலக்கணம் அன்று. இரண்டாவது பெயரோ உண்மைக்கு நேர்மாறாகவே அமைந்துவிடுகிறது. மின்விசிறியின் சுழற்சியையும், குக்கரின் ஓசையையும், சட்டையின் கழுத்துப்பட்டையில் தைத்த சிறு துணியின் உறுத்தலையும் பிறரைவிட மிகுதியாக உணரும் குழந்தையைப் புற உலகச் சிந்தனை அற்றது என்பது எங்ஙனம் பொருந்தும்? புலனுணர்வின் மிகையும் குறையும் 2013இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் ஆட்டிசத்தின் கூறுகளுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டுள்ளன. ‘ஆட்டிசம்’ என்று எழுத்துப்பெயர்த்து வழங்குவதே இன்றைய நிலையில் பிழை குறைந்த வழியாகும்.

அப்பதிப்பு முன்பு தனித்தனிப் பெயர்களோடு இருந்தவற்றை ஒரே நிறமாலையாக்கியது. சமூகத் தொடர்பாடலில் நீடித்த இடர்ப்பாடு ஒன்று; செயல், ஆர்வம், புலனுணர்வு ஆகியவற்றில் ஒரே வகையாக மீளும் போக்கு மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே இருந்தாலன்றி ஆட்டிசம் எனப்படுவதில்லை. மொழித் தாமதம் இவ்விரண்டனுள் அடங்காது. உடன் இருந்தால் தனியே குறித்துக்காட்டப்பட வேண்டியதாக அது வைக்கப்பட்டுள்ளது.

சுட்டுதலும் உடன்நோக்கலும்

சொல்லுக்கு முற்பட்டது சுட்டு. ஓராண்டை ஒட்டிய பருவத்தில் குழந்தை விரலால் சுட்டத் தொடங்குகிறது. இச்சுட்டுதல் இருவகைப்படும். அலமாரியிலுள்ள பிஸ்கட்டைக் கேட்டுச் சுட்டுவது வேண்டற்சுட்டு. வானில் போகும் விமானத்தைக் காட்டித் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது பகிர்தற்சுட்டு. பின்னதில் குழந்தைக்குக் கிடைப்பது பொருள் எதுவுமில்லை. ‘நீயும் பார்’ என்பதே அதன் நோக்கம். ஆட்டிச நிலைக் குழந்தைகளிடம் பெரிதும் குறைவது இப்பின்னைய வகையே. அவர்களுள் பலர் வேண்டியதைப் பெறவும் சுட்டுவதில்லை. பெரியவரின் கையைக் கருவிபோலப் பற்றி அப்பொருளின்மேல் வைப்பர்.

நிலாவைக் காட்டிச் சோறூட்டும் தமிழ் வழக்கத்தில் இதனை எளிதாகக் காணலாம். தாய் சுட்டும்போது குழந்தை விரலை நோக்குகிறதா, விரல் செல்லும் திசையை நோக்குகிறதா, நிலாவைக் கண்டபின் மீண்டும் தாயின் முகத்திற்கு வருகிறதா என்னும் மூன்றும் மூன்று படிநிலைகள். பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவமும் ஒரு பொருளைக் குழந்தையோடு பகிரும் இச்செயலின்மீதே எழுந்தது. (பருவங்களுக்குப் பாட்டியல் நூல்கள் மாதக்கணக்கு வகுத்திருப்பினும் அவை இலக்கிய மரபே, அவற்றை வளர்ச்சி அட்டவணையாகக் கொண்டு குழந்தையை அளப்பது பொருந்தாது.) 16 முதல் 30 மாதம்வரை உள்ள குழந்தைகளுக்குப் பெற்றோரிடம் கேட்கப்படும் ‘எம்-சாட்’ வினாப்பட்டியலின் திருத்தப்பட்ட வடிவத்தில் உள்ள இருபது வினாக்களுள் சுட்டுதலையும் பிறர் சுட்டியதை நோக்குதலையும் பற்றிய வினாக்கள் இடம்பெறுகின்றன. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா என்பதும் அவற்றுள் ஒன்று.

இன்னொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஆட்டிச நிலைக் குழந்தைகளுள் ஒரு பகுதியினர், ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, முதலிற் கற்ற சொற்களையோ பழக்கங்களையோ இரண்டாம் வயதில் இழக்கின்றனர். ‘முன்பு அம்மா என்று சொன்னது, இப்போது சொல்வதில்லை’ என்று ஒரு தாய் கூறினால் அது காத்திருக்க வேண்டிய செய்தியன்று.

எதிரொலிப் பேச்சும் மூவிடமும்

கேட்டதை அவ்வாறே திருப்பிச் சொல்லுதல் எதிரொலிப் பேச்சு எனப்படும். உடனே சொல்வதும் உண்டு. நாள்கள் கழித்துச் சொல்வதும் உண்டு. இதனைப் பயனற்ற கிளிப்பேச்சு எனக் கொண்டு அடக்க முயன்ற காலம் ஒன்றிருந்தது. பாரி பிரிசண்ட், ஜூடித் டுகான் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு, உடனடி எதிரொலியிலேயே முறைமாற்றிப் பேசுதல், உடன்படுதல், வேண்டுதல் எனப் பல பயன்களைப் பிரித்துக் காட்டியது. எதிரொலி குழந்தையின் கைக்குக் கிட்டிய முதல் மொழி என்பதே பின்னைய புரிதல்.

எதிரொலியோடு ஒட்டியது மூவிடப் பெயர் மாற்றம். ஆங்கிலக் குழந்தை தன்னை ‘நீ’ என்று குறிப்பதைக் கானர் பதிவு செய்தார். தமிழில் இதே அடையாளத்தைத் தேடுவோர் ‘நான்’, ‘நீ’ என்னும் பெயர்களையே கவனித்துக்கொண்டிருந்தால் ஏமாற நேரும். தமிழில் எழுவாய் பெரும்பாலும் தொக்கு நிற்கும். இடத்தைக் காட்டுவது வினைமுற்றின் விகுதி. பசித்த குழந்தை ‘சாப்பிடுறியா?’ என்று சொல்லி நிற்குமானால் பெயர்ச்சொல் ஏதுமின்றியே தன்மையும் முன்னிலையும் இடம் மாறிவிட்டன. ‘வேணும்’ என்னும் வினையில் விகுதியும் இல்லை. ‘எனக்கு’, ‘உனக்கு’ என்பனவும் தொக்குவிடும். பால் விரும்பும் குழந்தை ‘பால் வேணுமா?’ என்று கேட்கும்போது, கூற்று பிறருடையது என்பதற்கு எஞ்சி நிற்கும் ஒரே சான்று ‘ஆ’ என்னும் வினா இடைச்சொல்லே. பழகாத செவிக்கு அது ‘வேணும்’ என்பதன் மழலை வடிவமாகவே கேட்கும்.

இதற்கு மாறான பிழைக்கும் தமிழில் இடமுண்டு. தமிழ்த் தாய்மார் குழந்தையோடு பேசும்போது மூவிடப் பெயர்களைத் தவிர்த்து ‘அம்மா தூக்கட்டுமா?’, ‘பாப்பா சாப்பிட்டாச்சா?’ என்று உறவுப்பெயரும் செல்லப்பெயரும் கொண்டே பேசுவர். இதனைக் கேட்டு வளரும் குழந்தை இரண்டு வயதில் ‘பாப்பாவுக்கு வேணும்’ என்று தன்னைப் படர்க்கையில் வைத்துப் பேசுவது இயல்பு. ஆங்கில நூலில் கண்ட அடையாளத்தை அப்படியே பொருத்தி இதனைக் குறைபாடாகக் கொள்வது தவறாகும்.

மூவிடம் ஏன் கடினம் என்பதற்குத் தமிழ் இலக்கண மரபு தரும் விளக்கம் ஒன்றுண்டு. தா, வா என்னும் சொற்களைத் தன்மை முன்னிலைகளுக்கும், செல், கொடு என்பவற்றைப் படர்க்கைக்கும் உரியனவாகத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்தார். பொருள் கைமாறும் செயல் ஒன்றே. பெறுபவர் யார் என்பதற்கேற்பச் சொல் மாறுகிறது. இன்றும் ‘உங்கள் வீட்டுக்குப் போகிறேன்’ என்று அவ்வீட்டாரிடமே எவரும் சொல்வதில்லை. ‘வருகிறேன்’ என்றே சொல்வர். ‘மேசை’ என்னும் சொல் யார் சொன்னாலும் மேசையையே குறிக்கும். ‘நான்’, ‘வா’, ‘இங்கே’ போன்றவை சொல்பவர் மாறும்போதெல்லாம் பொருள் மாறும். இவற்றைக் கையாளக் கேட்பவரின் நிலையிலிருந்து பார்க்க வேண்டியுள்ளது. ஆட்டிச நிலையில் இடர்ப்படுவது துல்லியமாக இவ்விடமே.

குறிப்புப்பொருள்

சைமன் பாரன்-கோகன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் ஆகியோர் 1985இல் நடத்திய பொம்மைச் சோதனையில், தான் அறிந்ததைப் பொம்மை அறியாது என்பதை ஆட்டிச நிலைக் குழந்தைகள் இருபதின்மருள் பதினாறு பேர் உணரவில்லை. பிறர் மனத்தை அறியும் திறன் குறித்த கோட்பாட்டிற்கு அது அடிப்படையாயிற்று. ஆயினும் நால்வர் சரியாக விடையளித்தனர் என்பதையும் மறத்தலாகாது. 2012இல் டேமியன் மில்டன் இதற்கு மறுபக்கம் ஒன்றைக் காட்டினார். ஆட்டிச நிலையினர் பிறரைப் புரிந்துகொள்ளாததுபோலவே பிறரும் அவர்களைப் புரிந்துகொள்வதில்லை. எனவே இடர்ப்பாடு இருபாலது என்பது அவர் கருத்து. தாமே ஆட்டிச நிலையினரான ஒருவர் கூறியது என்னும் சிறப்பும் அதற்குண்டு.

அன்றாடத் தமிழில் இவ்விடர்ப்பாடு ஓயாது நேரக்கூடியது. விடைபெறுவோர் ‘போயிட்டு வரேன்’ என்பர். அதனை விடைபெறும் மொழியாகக் கொள்ளாது வாக்குறுதியாகக் கொள்ளும் குழந்தை வாயிலிலேயே காத்து நிற்கும், வராதபோது அழும். அழுகையின் காரணம் பெரியவர்க்கு விளங்காது. ‘பிடிவாதம்’ என்று முடிவு கட்டிவிடுவர்.

ஒத்த தோற்றமுடைய பிற நிலைகள்

பேச்சுத் தாமதத்தோடு வரும் எக்குழந்தைக்கும் முதலில் செய்யத்தக்கது கேள்திறன் சோதனை. கதவு தட்டும் ஓசைக்குத் திரும்புகிறது என்பதால் செவி நன்றாக உள்ளது எனக் கொள்ளலாகாது. பகுதிக் கேள்குறை உடைய குழந்தையும் உரத்த ஓசைக்குத் திரும்பும். கேள்குறை உடைய குழந்தையும், மொழி வளர்ச்சிக் குறைபாடு மட்டும் உடைய குழந்தையும் பெரும்பாலும் சைகையால் ஈடுசெய்யும், முகத்தை நாடும். அறிவுத்திறன் குறைபாட்டில் எல்லாத் துறை வளர்ச்சியும் ஏறத்தாழ ஒருங்கே பின்தங்கும். ஆட்டிசத்தில் ஏற்றத்தாழ்வு மிகுதி. கவனக்குறை மிகையியக்கம் உடைய குழந்தை பிறரோடு சேர விரும்பும். முறை காத்து நிற்க இயலாது.

இவை ஒன்றையொன்று விலக்குவன அல்ல. கவனக்குறையையும் ஆட்டிசத்தையும் ஒரே குழந்தைக்கு வழங்குவதைக் கையேட்டின் நான்காம் பதிப்பு தடுத்திருந்தது; ஐந்தாம் பதிப்பு அத்தடையை நீக்கியது. பெண் குழந்தைகளில் அடையாளங்கள் மறைந்து நிற்பதும் உண்டு. பிறரைப் பார்த்துப் போலச்செய்து ஒப்பேற்றும் சிறுமியை ‘அடக்கமான பிள்ளை’ என்று வகுப்பறை பாராட்டிவிடும்.

மதிப்பீடும் வீட்டுமொழியும்

இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் குறித்த ஏழு குறைபாடுகளுள் ஆட்டிசம் இல்லை. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதனை ஏற்றது. சான்றிதழுக்குரிய மதிப்பீடு, செகந்திராபாத்தில் அன்று இயங்கிய தேசிய மனவளர்ச்சி குன்றியோர் நிறுவனம் உருவாக்கிய இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவையால் செய்யப்படுகிறது. அதில் நாற்பது கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை எனக் கொள்ளப்படும். பேச்சு, மொழி, தொடர்பாடல் பற்றிய ஒன்பது கூறுகளுள் எதிரொலிப் பேச்சும் மூவிடப் பெயர் மாற்றமும் உள்ளன. ‘பால் வேணுமா?’ என்பதை வேண்டுதலாகக் கேட்ட மதிப்பீட்டாளரும் எதிரொலியாகக் கேட்ட மதிப்பீட்டாளரும் ஒரே குழந்தைக்கு வெவ்வேறு மதிப்பெண் இடுவர். எல்லையருகே நிற்கும் குழந்தைக்கு அவ்வேறுபாடு சான்றிதழ் கிட்டுவதற்கும் கிட்டாததற்கும் இடையிலான வேறுபாடாகலாம். தமிழ்க் குழந்தைமொழி ஆய்வு மொழியியல் துறைக்குள் மட்டும் நின்றுவிடும் ஆய்வன்று என்பதற்கு இதுவே சான்று.

கண்டறிந்தபின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் அறிவுரை, ‘வீட்டில் ஒரே மொழியில் பேசுங்கள்’ என்பது. பள்ளிமொழி ஆங்கிலமாதலால் அவ்வொரே மொழி ஆங்கிலமாகவே முடிகிறது. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களிலும் இதே நிலைதான். இருமொழிச் சூழல் ஆட்டிச நிலைக் குழந்தையைக் குழப்பும் என்பது இதன் அடிப்படை. மாண்ட்ரியலில் கேத்தரின் ஹாம்பிளியும் எரிக் ஃபோம்போனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழிச் சூழலில் வளர்ந்த ஆட்டிச நிலைக் குழந்தைகளின் மொழி ஒருமொழிச் சூழலினரைவிடக் கூடுதலாகப் பின்தங்கவில்லை எனக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் கனடாவில் சீனமும் ஆங்கிலமும் அறிந்த குழந்தைகளிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவும் இதற்கு மாறானதன்று. அறிவுரையால் நேரும் இழப்போ கண்கூடு. ஆங்கிலத்தில் சரளமற்ற தாய் குழந்தையிடம் பேசுவதைக் குறைத்துவிடுகிறார். எஞ்சுவன நிறங்களின் பெயரும் ஏவற்சொற்களுமே. பாட்டியோ முற்றிலும் ஊமையாகிவிடுகிறார். தொடர்பாடல் தேவைப்படும் குழந்தைக்குத் தொடர்பாடுவோரின் எண்ணிக்கை குறைக்கப்படுகிறது.

வீட்டுமொழியில் செய்யத்தக்கது எளியது. இலக்கணம் அறிந்து செய்ய வேண்டியது. எதிரொலிக்கும் குழந்தையிடம் ‘பால் வேணுமா?’ என்று கேட்டால் அதுவே திரும்பி வரும். பால் குவளையைக் குழந்தையின் பார்வைக்கு நேரே பிடித்து, குழந்தை சொல்ல வேண்டிய கூற்றையே, ‘பால் வேணும்’ என்று, குழந்தையின் சார்பில் தாய் சொல்ல வேண்டும். சிறிது காத்திருந்து, ஒலியோ பார்வையோ கையசைவோ எது வந்தாலும் பாலைக் கொடுக்க வேண்டும். சொல்லே வராத குழந்தைக்குப் பால் குவளையின் படம் வரைந்த அட்டையை எடுத்துக் கொடுக்கப் பழக்கலாம். படத்தைப் பழக்கினால் பேச்சு நின்றுவிடும் என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. படப் பரிமாற்றம் பேச்சைத் தடுப்பதில்லை. அட்டையை வாங்கும்போதும் தாய் சொல்ல வேண்டியது ‘பால் வேணும்’ என்பதே.